நம்ம டெல்டா கோழிக்கு மஞ்சக்கரு ஏன் வெளுத்துப்போகுது? என்ன போட்டா நிறம் ஏறும்?

கோரையாறு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருத்துறைப்பூண்டி பக்கம். கொல்லையில 14 பொட்டை, 2 சேவல் வச்சிருக்கேன், எல்லாம் சிறுவிடை, அதுல ரெண்டு மட்டும் பெருவிடை கலப்பு. நாலு வருஷமா நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு, வீட்டுக்குப் போக மிச்ச முட்டைய தெருவுல நாலஞ்சு வீட்டுக்குக் குடுப்பேன், ஒண்ணு 15 ரூபா.

இப்ப ஒரு மாசமா மஞ்சக்கரு வெளுத்துப்போச்சு. வெளுத்துப்போச்சுன்னா சும்மா இல்ல, ஆம்லெட் போட்டா வெள்ளைக்கருவும் மஞ்சக்கருவும் பிரிச்சே பாக்க முடியல, எலுமிச்சம்பழத் தோலு காஞ்சா இருக்கும்ல அந்த கலரு. முந்தாநாள் எங்க தெருவுல கைக்குழந்தை வச்சிருக்குற பொண்ணு ஒண்ணு, எங்கிட்ட வாங்குன ஆறு முட்டையில நாலத் திருப்பிக் கொண்டாந்து திண்ணையில வச்சுட்டு "அக்கா இது பண்ணை முட்டை, ஏன் இப்படி பண்றீங்க"ன்னு கேட்டுட்டுப் போயிருச்சு. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. என் கோழி என் கண்ணு முன்னாடி போட்ட முட்டை அது, கூட்டுல சூடு ஆறுறதுக்குள்ள எடுத்தது.

தீவனம் சம்பா அறுப்பு முடிஞ்சதுலேந்து வீட்டு நெல்லுதான், கறுக்கா, குருணை, தவிடு, சாயங்காலம் மிச்ச சோறு. வயிறு ரொம்பத் திங்குது, முட்டையும் கொறையல. டவுன்ல தீவனக்கடையில கேட்டேன், ஒரு ஆரஞ்சுத் தூள பொட்டலமா மடிச்சுக் குடுத்தாரு, "தண்ணியில கலந்து வைங்க, நாலு நாள்ல செவப்பா வரும்"னு சொன்னாரு. பேரு ஒண்ணும் போடல. இன்னும் பிரிக்கல. போடலாமா? யாராச்சும் சொல்லுங்க.

குடமுருட்டிக்கரை எழுதியது:

அக்கா முதல்ல அந்தப் பொட்டலத்த பிரிக்காதீங்க, கோழிக்குப் போடவே போடாதீங்க. பேரு இல்லாத கலர்ப்பொடி நாளைக்கு அந்தக் கைக்குழந்தை வயித்துக்குத்தான் போகும்.

உங்க தீவனத்த எழுதுனீங்கள்ல, பதில் அதுலயே இருக்கு. கறுக்கா, குருணை, தவிடு, சோறு நாலும் நெல்லுதான். நெல்லுல மஞ்ச நிறம் குடுக்குற சமாச்சாரம் கிட்டத்தட்ட கெடையாது. நம்ம ஊர்ல நெல்லு அம்பாரமா கெடக்குறதால கோழியும் அதையே தின்னு வளருது, அதனாலதான் டெல்டாவுல அறுப்பு முடிஞ்ச மாசங்கள்ல முட்டை வெளிறும். எங்க வீட்டுல தை பொறந்து களத்து நெல்லுல கோழி எறங்குனா ரெண்டு வாரத்துல நிறம் எறங்கிரும், வருஷா வருஷம் பாக்குறேன். ஐப்பசி மழைக்கு வரப்புல புல்லு துளுத்தா மறுபடி ஏறும்.

ஆனா உங்களுக்கு இந்த அளவுக்கு வெளுக்குறதுக்கு இன்னொரு காரணம் இருக்கணும். மேயப் போற கோழி இவ்வளவு வெளுப்பா போடாது. எப்பலேந்து அடைச்சு வச்சிருக்கீங்க?

கோரையாறு எழுதியது:

அண்ணே எப்படிக் கண்டுபிடிச்சீங்க. ஆமா, மாசி கடைசிலேந்து வலை கட்டி அடைச்சுத்தான் வச்சிருக்கேன். கொல்லைக்குப் பின்னாடி இருக்குற தாக்குல பக்கத்து வீட்டுக்காரங்க உளுந்து தெளிச்சிருக்காங்க, கோழி போயி பூவையும் பிஞ்சையும் கொத்துதுன்னு சண்டை வந்துருச்சு, அவங்க சொல்றதும் ஞாயந்தான். அதோட அவங்க மருந்து வேற அடிச்சாங்க, அதுல போயி மேஞ்சா செத்துரும்னு பயந்துதான் அடைச்சேன். வலைக்குள்ள இருந்த புல்ல எல்லாம் முதல் வாரத்துலயே சுரண்டிருச்சுங்க, இப்ப வெறும் மண்ணுதான்.

பழைய மருத்துவர் எழுதியது:

கால்நடைத் துறையில முப்பது வருஷத்துக்கு மேல இருந்து ஓய்வு வாங்குனவன், தெரிஞ்சத சொல்றேன்.

குடமுருட்டி தம்பி சொன்னது முழுக்க சரி. மஞ்சக்கருவுக்கு நிறம் குடுக்குறது கரோட்டினாய்டு வகையில சாந்தோபில்னு சொல்ற பொருள்கள், முக்கியமா லூட்டின், ஜியாசாந்தின் ரெண்டும். இத கோழியால உடம்புக்குள்ள உண்டாக்கிக்க முடியாது, தின்னாத்தான் உண்டு. பச்சை இலை எல்லாத்துலயும் லூட்டின் இருக்கு, பச்சையத்தோட பச்சை அத மூடிட்டு இருக்குறதால நம்ம கண்ணுக்குத் தெரியாது. மஞ்ச மக்காச்சோளத்துல ரெண்டும் இருக்கு. அரிசி, கோதுமை, வெள்ளைச் சோளத்துல ரொம்பக் கொறைவு. ஓட்டோட நிறம் வேற கதை, அது கோழி இனத்தப் பொறுத்தது, தீவனத்த மாத்தி ஓட்டு நிறத்த மாத்த முடியாது.

இன்னொண்ணு, ரொம்பப் பேரு குழப்பிக்கிறது. கேரட்டுல இருக்குற பீட்டா கரோட்டினும் அதே குடும்பம்தான், ஆனா கோழி அத பெரும்பாலும் வைட்டமின் ஏ ஆக்கிக்கும், கருவுல நிறமா சேர்றது கொஞ்சம்தான். பீட்ரூட் சாயம் தண்ணியில கரையுற வகை, அது கருவுக்குப் போகாது. மஞ்சத்தூளும் இந்தக் குடும்பம் கெடையாது, நோய்க்கு வேணும்னா போடுங்க, நிறத்துக்காக அத நம்பாதீங்க.

அந்தப் பொட்டலத்த பத்தி. முறையா அனுமதி வாங்குன நிறமிகள் தீவனத்துக்குன்னே இருக்கு, பையில பேரு, அளவு எல்லாம் அச்சடிச்சிருக்கும். பேரு போடாம மடிச்சுக் குடுக்குற தூள்ல எது வேணாலும் இருக்கலாம். சீனாவுல 2006ல செவப்புக் கரு வர்றதுக்காக வாத்துக்கு சூடான் சாயம் போட்டு, அந்த முட்டைய எல்லாம் சந்தையிலேந்து எடுத்து அழிச்சாங்க. சூடான் சாயம் ஷூ பாலிஷ், மெழுகு மாதிரி சாமானுக்குப் போடுறது, உணவுல தடை செஞ்சது. கரு கொழுப்பு நெறஞ்ச பொருள், கொழுப்புல கரையுற எந்தச் சாயமும் அதுல போய் உக்காரும். நல்ல நிறம் எந்த வழியா போகுதோ அதே வழியாத்தான் கெட்டதும் போகும். தண்ணியில வைக்கவே வேணாம்மா.

வேதாரண்யம்_உப்புக்காத்து எழுதியது:

டாக்டர் ஐயா சொன்னதுக்கு எங்க வீட்டு அனுபவம் ஒண்ணு. 2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சப்ப எங்க கொல்லையில இருந்த முருங்க ஏழும் விழுந்துச்சு, அகத்தி ரெண்டு, தென்னை பதினொண்ணு. கோழி பாதிக்கு மேல போச்சு, மிஞ்சுனது ஒம்போது. அதுக்கப்பறம் நாலு மாசம் நிவாரண அரிசியிலதான் நாங்களும் கோழியும். அந்த நாலு மாசமும் முட்டைக்கரு வெள்ளையாத்தான் இருந்துச்சு, எங்கம்மா கோழி பயந்துபோயிருக்குன்னு சொல்லிட்டு இருந்தாங்க, நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். வெட்டிப்போட்ட முருங்க அடிக்கட்டையிலேந்து துளுத்து தழை வந்துச்சு பாருங்க, அதுக்கு எட்டுற உயரத்துல வந்துச்சு, கோழி எக்கி எக்கித் தின்னுச்சு, ரெண்டு வாரத்துல கரு பழைய நெறத்துக்கு வந்துருச்சு. இப்பதான் புரியுது ஏன்னு.

கோரையாறு அக்கா, முருங்கத்தழைய ஈர்க்கோட கட்டி கோழி கழுத்து உயரத்துல தொங்க விடுங்க. தரையில போட்டா மிதிச்சு எச்சம் போட்டு வீணாக்கிரும். தொங்குனா இழுத்து இழுத்துத் திங்கும், வேலையும் ஆச்சு, சும்மா இருக்குற கோழிதான் ஒண்ணோட ஒண்ணு இறகு புடுங்கும்.

தஞ்சைத்தம்பி எழுதியது:

ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க. நிறத்துக்கு இவ்வளவு மெனக்கெடணுமா? வெளுத்த முட்டையிலயும் அதே புரதம்தான இருக்கு? நிறத்த வச்சு சத்துன்னு நம்புறது ஜனங்களோட அறியாமைதான, அத நாமளும் வளத்து விடணுமா.

பழைய மருத்துவர் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. புரதத்துல வித்தியாசம் இருக்காது, நீங்க சொல்றது உண்மை. நிறம் மட்டும் வேணும்னா மக்காச்சோளமும் நிறமியும் போட்டு கூண்டுக்கோழி கிட்டயே அடர் ஆரஞ்சு எடுக்கலாம், பெரிய பண்ணைங்க எடுக்குறாங்க. நிறத்த அளக்குறதுக்குன்னு 1லேந்து 15 வரைக்கும் இதழ் இதழா நிறம் போட்ட விசிறி ஒண்ணு இருக்கு, ரோஷ் விசிறின்னு சொல்லுவோம், கருவுக்குப் பக்கத்துல வச்சு எந்த இதழோட ஒத்துப்போகுதுன்னு பாக்குறது. வாங்குறவன் எந்த எண் கேக்குறானோ அந்த எண்ணுக்கு தீவனம் கலப்பாங்க. அதனால கடையில ஆரஞ்சா இருக்குன்னு மட்டும் வச்சு நாட்டுக்கோழின்னு நம்ப முடியாது.

ஆனா கொல்லையில வளக்குறவங்களுக்கு நிறம் ஒரு சேதி. உங்க கோழிக்கு நீங்க பொடி எதுவும் போடலன்னா, கரு வெளுக்குதுன்னா அது பச்சை திங்கலன்னு அர்த்தம். பச்சை திங்காத கோழிக்கு நிறத்தோட சேர்ந்து வைட்டமின் ஏ, ஈ ரெண்டும் கொறையும், முட்டையிலயும் கொறையும். லூட்டின் நம்ம விழித்திரைக்கும் வேண்டிய பொருள்தான். அந்தப் பொண்ணு முட்டையத் திருப்பிக் குடுத்தது மனசுக்குக் கஷ்டமா இருக்கும், ஆனா அவங்க கண்ணுல பட்டது உண்மையான ஒரு கொறைதான்.

இன்னும் ஒண்ணு பாக்கணும். பச்சை போட்டும் நிறம் ஏறலன்னா குடல்ல கோளாறு. குடல்புழு, ரத்தக்கழிச்சல் இருந்தா தின்ன நிறம் உடம்புல சேராது. பூஞ்சை புடிச்ச தீவனமும் அதே வேலையைச் செய்யும். எச்சத்த பாருங்கம்மா, எப்படி இருக்கு?

கோரையாறு எழுதியது:

எச்சம் கெட்டியாத்தான் இருக்கு ஐயா, மேல வெள்ளை தொப்பி மாதிரி. ரெண்டு கோழிக்கு மட்டும் தண்ணியா போகுது. குடல்புழு மருந்து போன ஆடியில குடுத்தது, அதுக்கப்பறம் குடுக்கல.

பழைய மருத்துவர் எழுதியது:

அந்த ரெண்டையும் தனியா பஞ்சாரத்துல கவுத்து வச்சு எச்சத்த ஒரு தாள்ல மடிச்சு பக்கத்து கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்க, நுண்ணோக்கியில பாத்து புழு முட்டை இருக்கான்னு சொல்லிருவாங்க. மருந்து, அளவு, அந்த நாள்ல முட்டைய சாப்பிடலாமாங்குறது எல்லாத்தையும் அங்கயே கேட்டுக்கோங்க. இங்க எழுதுறத வச்சு மருந்து குடுக்காதீங்க.

ஒரத்தநாட்டுப்_பையன் எழுதியது:

நான் 180 கோழி வச்சிருக்கேன், எல்லாம் முட்டைக்குத்தான், கிராமப்பிரியா பாதி, நாட்டுக்கோழி பாதி. அடைச்சு வச்சு வளக்குறப்ப நிறம் எப்படி எடுக்குறதுன்னு ரெண்டு வருஷம் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

முதல்ல மக்காச்சோளம். நம்ம பக்கம் வெளையுறது கம்மி, எனக்கு பெரம்பலூர்லேந்து வருது. வாங்குறப்ப ஒரு கை அள்ளி மோந்து பாருங்க, மக்குன வாடை வந்தா வேணாம். அப்பறம் நாலு மணிய ஒடச்சுப் பாருங்க, முளை இருக்குற கூர்ப்பக்கம் உள்ள நீலமாவோ கருப்பாவோ பூத்திருந்தா அந்த மூட்டையே வேணாம், என்ன வெல கொறைச்சாலும் வேணாம். நான் ஒரு தடவ மூட்டைக்கு 200 ரூபா கொறையுதுன்னு வாங்கி, பதினோரு நாள்ல 23 கோழி ஈரல் வீங்கி செத்துச்சு. இன்னொண்ணு, மக்காச்சோளம் நாள்பட நாள்பட நிறம் கொறையும், மாசக்கணக்குல வாங்கி அடுக்காதீங்க.

10 கிலோ கலக்குறதுக்கு என் கணக்கு: மக்காச்சோளம் நாலரை, கடலைப்புண்ணாக்கு ரெண்டு, குருணை ஒண்ணரை, தவிடு ஒண்ணு, உப்பில்லாத கருவாட்டுத்தூள் அரை, மிச்சம் கிளிஞ்சல் தூளும் தாது உப்பும். அக்கா மாதிரி 14 கோழிக்கு குருணை இன்னும் கொஞ்சம் சேக்கலாம், வீட்டு நெல்ல விட்டுட்டு எல்லாத்தையும் காசு குடுத்து வாங்கணும்னு சொல்லல. நெல்லு இருக்கட்டும், ஆனா அது மட்டும் இருக்கக்கூடாது.

அடுத்து செண்டுப்பூ. எங்க கொல்லை வேலி ஓரமா முப்பது செடி வச்சிருக்கேன், அடர் ஆரஞ்சு பூக்குற வகை. ஓசூர் பக்கம் இந்தப் பூவ ஏக்கர் கணக்குல போட்டு லூட்டின் எடுக்குறதுக்கு கம்பெனிக்குக் குடுக்குறாங்க, அந்த அளவுக்கு அதுல நிறம் இருக்கு. காம்போட பச்சைக் குப்பிய கிள்ளி எறிஞ்சுட்டு இதழ மட்டும் உருவி, வெள்ளைத் துணியில நிழல்ல பரப்பி அஞ்சு நாள் காய வைக்கணும். வெயில்ல காய வச்சா நிறம் செத்துரும், நான் முதல் தடவ மாடியில காயவச்சு ரெண்டே நாள்ல வைக்கோல் கலருக்குப் போயிருச்சு. காஞ்சத கையால கசக்குனாலே தூளாயிரும். 10 கிலோ தீவனத்துக்கு 50 கிராம் போதும், அதாவது ரெண்டு கைப்பிடி. கூட ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு பெசறுங்க, இந்த நிறம் கொழுப்புல கரையுறது, எண்ணெயோட போனா நல்லா சேரும்.

கோயில்ல கழட்டுன மாலைய எடுத்துப் போடலாமான்னு கேப்பீங்க, நானும் யோசிச்சேன். சந்தைக்கு வர்ற பூவுக்கு எத்தன தடவ மருந்து அடிப்பாங்கன்னு பூ போடுற மாமா ஒருத்தரு சொன்னாரு, அதோட விட்டுட்டேன். நாமளே வச்ச செடியா இருந்தாத்தான் போடணும்.

மாயவரத்துப்_பாட்டிவீடு எழுதியது:

தீவனத்தால கரு நெறம் மாறுறதுன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. எங்க ஆச்சி வீட்டுல மாட்டுக்கு ஊற வச்ச பருத்திக்கொட்டைய மிச்சம் இருந்தா கோழிக்கு வச்சுருவாங்க, நல்ல சத்துதானன்னு. ஒரு கோடைக்கு முட்டைய பொறுக்கி பானையில சேத்து வச்சு பத்து நாள் கழிச்சு ஒடச்சா கரு பச்சையும் பழுப்புமா பாசி மாதிரி இருந்துச்சு, கெட்டுப்போச்சுன்னு அத்தனையும் கொட்டுனாங்க. வாடை எதுவும் இல்ல, ஆனா யாரு திம்பா. அது பருத்திக்கொட்டையாலன்னு பின்னாடிதான் ஒரு டாக்டர் சொல்லித் தெரிஞ்சுது. உங்க வீட்டுல மாடு இருந்தா தொட்டி பக்கம் கோழிய விடாதீங்க.

வாத்து முட்டை யாரும் சொல்லலையே. அறுத்த தாளுல வாத்துக்காரங்க வந்து எறங்குவாங்கள்ல, பத்து நாள் எங்க வயல்ல அடைச்சா வயலுக்கு எருவும் ஆச்சு, ஆச்சி ரெண்டு படி நெல்லு குடுத்து முட்டை வாங்குவாங்க. அந்தக் கரு செம்பருத்தி நெறத்துக்கு இருக்கும். அதுவும் நெல்லுதான் திங்குது, ஆனா கூடவே தண்ணியில கெடக்குற பாசி, நத்தை, புழு, கொட்டைப்பாசி எல்லாத்தையும் வழிச்சுத் திங்குதே. ஒரே வயல்ல ஒரே நெல்ல தின்ன எங்க கோழிக்கு வெளுப்பு, வாத்துக்கு செவப்பு. சின்ன வயசுல இது எனக்கு பெரிய ஆச்சரியம்.

பழைய மருத்துவர் எழுதியது:

பருத்திக்கொட்டையில காசிபால்னு ஒரு பொருள், கருவுல இருக்குற இரும்போட சேர்ந்து அந்தப் பாசி நிறம் குடுக்கும், முட்டைய வச்சிருக்க வச்சிருக்க கூடும். உங்க ஆச்சி வீட்டுல நடந்தது அதுதான். ரொம்ப நேரம் வேக வச்ச முட்டையில கருவ சுத்தி சாம்பல் பச்சை வளையம் வருமே அது வேற, அது வேகுற சூட்டுல கந்தகமும் இரும்பும் சேர்றது, தீவனத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

குடமுருட்டிக்கரை எழுதியது:

ஒரத்தநாட்டு தம்பி நல்லா எழுதிருக்காப்ல. ஆனா 14 கோழிக்கு செண்டுப்பூ வரைக்கும் கூட போக வேண்டியதில்ல அக்கா. உங்களுக்கு இப்ப வேண்டியது கோழிய வெளிய விட முடியாத நாள்ல பச்சைய உள்ள கொண்டாந்து குடுக்குறது. நான் பண்றத சொல்றேன்.

காலையில வாய்க்கா கரைக்குப் போறப்ப ஒரு அருவாளும் சாக்கும். பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, ஆரைக்கீரை, அருகம்புல்லு கொழுந்து, இதெல்லாம் கோடையிலயும் வாய்க்கா உள்சரிவுல ஈரம் இருக்குற எடத்துல கெடக்கும். மருந்து அடிச்ச தாக்கு தண்ணி வடியுற வாய்க்காவுல மட்டும் அறுக்காதீங்க, மேட்டுப் பக்கத்து கரையில அறுங்க. கொண்டாந்து பொடிப்பொடியா, ரெண்டு விரக்கடை நீளத்துக்கு மேல இல்லாம நறுக்கணும். நீள நீளமா புல்லு முழுங்குனா தீனிப்பையில பந்து மாதிரி சுருண்டு அடைச்சுக்கும், ஒரு நல்ல வெடக்கோழிய அப்படி எழந்தேன், ராத்திரி தடவிப் பாத்தா கழுத்துக்குக் கீழ கல்லு மாதிரி இருந்துச்சு. கோழிக்கு ஒரு கைப்பிடி கணக்கு, மத்தியானம் 11 மணி வாக்குல போடுங்க. காலையில வெறும் வயித்துக்குப் பச்சைய மட்டும் போட்டு நெரப்புனா முட்டை கொறையும்.

எங்க பக்கம் கொடிக்கால்ல அகத்தி நெறைய, எல்லாரும் அள்ளிப் போடுறாங்க. ஐயா, அகத்தி கோழிக்கு நல்லதா? சவுண்டல் தழையும் கேக்குறாங்க.

பழைய மருத்துவர் எழுதியது:

அகத்தி ஆடு மாட்டுக்கு ஆகும், கோழிக்கு வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் கொஞ்சமா போதும், அதையே முழுத் தழையா வச்சுக்காதீங்க. சவுண்டல்ல நல்ல நிறம் இருக்கு, ஆனா மைமோசின்னு ஒரு நச்சுப்பொருளும் இருக்கு, அதிகமானா முட்டை கொறையும். முருங்க, குதிரைமசால், வேலிமசால், பொன்னாங்கண்ணி இதுல பயம் இல்ல. பரங்கிக்காய் உள்ளிருக்குற நார்ச் சதையும் விதையும் எறியாதீங்க, அதையும் கோழி ஆசையா திங்கும்.

மெளகா வத்தலும் செவப்பு குடுக்கும், அதுல கேப்சாந்தின்னு ஒரு நிறமி. கோழிக்குக் காரம் தெரியாது, பறவைகளுக்கு அந்த உணர்வு இல்ல. ஆனா கடையில கழிச்சுப் போட்ட வத்தல்னா பூஞ்சை இருக்கும், வீட்டுல காயவச்ச நல்ல வத்தலா இருந்தா மட்டும்.

கோரையாறு எழுதியது:

எல்லாருக்கும் கோடி புண்ணியம். நேத்து அந்த ரெண்டு கோழி எச்சத்த கொண்டுபோய் காட்டுனேன், உருண்டைப்புழு முட்டை இருக்குன்னு சொல்லி எல்லாத்துக்கும் சேத்து மருந்து குடுத்திருக்காங்க. இன்னைக்குலேந்து முருங்கத்தழை கட்டித் தொங்க விட்டாச்சு, பொன்னாங்கண்ணி நறுக்கிப் போட்டேன். மொதல்ல ஒண்ணும் கிட்ட வரல, ஒரு கெழட்டுக் கோழி மட்டும் வந்து ஒரு கொத்து கொத்திட்டு தலைய சாச்சுப் பாத்துச்சு, அப்பறம் எல்லாம் விழுந்தடிச்சு வந்துருச்சுங்க. அஞ்சு நிமிசத்துல வெறும் ஈர்க்குதான் ஆடிட்டு இருந்துச்சு. பாவம் ஒரு மாசமா இதுக்கு ஏங்கிருக்குங்கன்னு நெனச்சா கண்ணு கலங்கிருச்சு.

எத்தன நாள்ல நெறம் தெரியும் ஐயா?

பழைய மருத்துவர் எழுதியது:

கரு கடைசி 9, 10 நாள்லதான் வேகமா பருக்கும், வெங்காயம் மாதிரி மேல மேல அடுக்கா. இன்னைக்கு கோழி வயித்துல நாளைக்கு வர வேண்டியது, நாளன்னிக்கு வர வேண்டியதுன்னு சின்னதும் பெருசுமா வரிசையா நிக்கும். நாளைக்கு வர வேண்டியது ஏற்கனவே வெளுப்பா பருத்து முடிஞ்சது, அதுல ஒண்ணும் ஆகாது. நாலாவது நாள்லேந்து லேசா தெரியும், முழு நிறத்துக்கு ரெண்டு வாரம். அதுக்குள்ள சலிச்சுப் போய் அந்தப் பொடிய எடுத்துறாதீங்க.

இன்னொரு விஷயம், மஞ்சக்கால் கோழி இருந்தா கவனிங்க. நல்லா முட்டை போடுற கோழிக்கு காலு, அலகு எல்லாம் வெளுத்துக்கிட்டே வரும், திங்குற நிறமெல்லாம் காலுக்குச் சேராம கருவுக்குப் போயிரும். காலு பளிச்சுன்னு மஞ்சளா இருக்குற பொட்டை முட்டைய நிறுத்தி நாளாச்சுன்னு அர்த்தம்.

வேதாரண்யம்_உப்புக்காத்து எழுதியது:

ஐயா சொன்னத படிச்சுட்டு இப்பதான் டார்ச் எடுத்துட்டுப் போய் பாத்தேன். எங்க செவலைக்குக் காலு வெளுத்து எலும்பு நெறத்துல இருக்கு, அதுதான் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுறது. காலு மஞ்சளா இருக்குறது அடைக்கு உக்காந்து குஞ்சோட சுத்துறது. இத்தன வருஷம் கோழி வச்சிருந்தும் இத பாக்கலையே.

கருவாடு பத்தி மட்டும் ஒண்ணு சொல்லிக்கிறேன், எங்க ஊரு சரக்கு. உப்புக் கருவாட்டுக் கழிவ அள்ளிப் போட்டா கோழிக்கு உப்பு ஏறி சாகும். உப்பில்லாததா இருந்தாலும் 10 கிலோவுக்கு அரை கிலோ தாண்டுனா முட்டையில கவிச்சி அடிக்கும்.

கோரையாறு எழுதியது:

இன்னைக்கு பதினோராவது நாளு. ஒரு அதிசயத்த பாத்தேன், அத எழுதத்தான் வந்தேன்.

அஞ்சாவது நாளே ஒடச்சு ஊத்துன கரு லேசா மஞ்ச கட்டுச்சு. ஏழாவது நாள் முட்டைய அவிச்சு, எங்க பையனுக்குக் குடுக்க, முட்டை நடுவுல நூலக் கட்டி இழுத்து ரெண்டா அறுத்தேன், கத்தி போட்டா கரு ஈஷிக்கும்னு எங்க மாமியா சொல்லிக்குடுத்தது. அறுத்துப் பாத்தா கருவுக்குள்ள வளையம்! நடுவுல பழைய வெளுப்பு, கோலிக்குண்டு அளவுக்கு, அத சுத்தி ஒரு விரல் நகம் தடிமனுக்கு நல்ல மஞ்ச. டாக்டர் ஐயா வெங்காயம்னு சொன்னாங்கள்ல அப்படியே இருந்துச்சு. எந்த நாளு தழை போட ஆரம்பிச்சேனோ அந்த நாளு அதுக்குள்ள கோடா கெடக்கு. பையன் திங்காம அதையே பாத்துட்டு இருந்தான், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போறேன்னு அடம். இன்னைக்குப் போட்ட முட்டையில நடுவுல இருக்குற வெளுப்பு மொளகு அளவுக்கு வந்துருச்சு.

மருந்து குடுத்தப்பறம் அந்த ரெண்டு கோழியும் தேறிருச்சு. மருந்து குடுத்த நாள்லேந்து அவங்க சொன்ன கெடு வரைக்கும் முட்டை எதையும் திங்கல, யாருக்கும் குடுக்கல, எல்லாத்தையும் குழி தோண்டி தென்னைக்குப் போட்டேன். மேல சொன்ன ஏழாம் நாள் முட்டை அந்தக் கெடு முடிஞ்சப்பறம் போட்டதுதான். பொட்டலத்த கடைக்காரர் கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன், இத யாருக்கும் குடுக்காதீங்கன்னும் சொன்னேன், அவரு முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு, இருக்கட்டும்.

அந்தப் பொண்ணு வீட்டுக்கு நானே போனேன். "அன்னைக்கு நீ சொன்னதுல எனக்குக் கோவம் இல்லம்மா, கோழிய அடைச்சுப் போட்டு வெறும் நெல்லா போட்டுட்டேன், அது என் தப்பு"ன்னு சொல்லி நாலு முட்டை குடுத்துட்டு வந்தேன். காசு வாங்கல. நேத்து சாயங்காலம் அவளே வந்து இன்னும் ஆறு வேணும்னு கேட்டா, கையில முருங்கத்தழை ஒரு கட்டு, அவங்க வீட்டு மரத்துல ஒடிச்சதாம்.

தஞ்சைத்தம்பி எழுதியது:

அக்கா அந்த வளையம் படம் போடுங்களேன். நான் கேட்ட கேள்விக்கு டாக்டர் பதில் குடுத்தாங்க, ஆனா இத படிச்சப்பறம்தான் எனக்கு மனசுல பதிஞ்சுது. எங்க வீட்டுலயும் ஆறு கோழி இருக்கு, மாடியில, வெறும் கடைத்தீவனம். டவுன்ல தழைக்கு எங்க போறதுன்னுதான் தெரியல.

ஒரத்தநாட்டுப்_பையன் எழுதியது:

மாடின்னா அசோலா வைங்க தம்பி, தண்ணியில மெதக்குற குட்டிப் பச்சைச் செடி அது. ஆறு கோழிக்கு ஆறடிக்கு மூணடி தொட்டி போதும், செங்கல்ல கரை கட்டி தார்ப்பாய் விரிச்சு, ரெண்டு விரக்கடை செம்மண்ணு, ஒரு சட்டி சாணியக் கரைச்சு ஊத்தி, அரை அடி தண்ணி. மேல கண்டிப்பா பச்சை நெழல்வலை, சித்திரை வெயிலு நேரா பட்டா ரெண்டு நாள்ல செவந்து செத்துரும். ஒரு கை விதை அசோலா போட்டா பத்து பதினஞ்சு நாள்ல தண்ணியே தெரியாம மூடிரும், அப்பறம் தெனம் அள்ளலாம். மூணு தண்ணியில அலசிட்டுப் போடுங்க, இல்லன்னா சாணி வாடைக்குத் தொடாது. பெரும்பாலும் தண்ணிதான் அதுல, அதனால அதையே தீவனமா நெனச்சுறாதீங்க, தீவனத்துல பத்துல ஒரு பங்கு. நம்ம ஆளுங்க நடவு வயல்ல உரத்துக்குப் போடுவாங்கள்ல, அதே அசோலாதான்.

கோரையாறு எழுதியது:

தம்பி எனக்கும் விதை அசோலா வேணும். உளுந்து எடுத்து முடிச்சு கோழிய வெளிய விட இன்னும் மூணு வாரம் ஆகும், அதுக்கப்பறம் குறுவைக்கு மருந்து அடிக்கிறப்ப மறுபடி அடைக்கணும். இப்பவே தொட்டி போட்டு வச்சுட்டா நல்லது.

ஒரத்தநாட்டுப்_பையன் எழுதியது:

ஞாயித்துக்கிழமை காலையில வாங்கக்கா, வெயிலுக்கு முன்னாடி. மூடி போட்ட வாளி ஒண்ணும் ஈரச்சாக்கும் எடுத்துட்டு வாங்க, பஸ்ல வாடாம போயிரும். தஞ்சைத்தம்பிக்கும் சேத்து அள்ளி வைக்கிறேன். வர்றப்ப நிழல்ல காயவச்ச செண்டுப்பூ விதையும் கொஞ்சம் மடிச்சுத் தரேன்.